மாவு மில் புல்லி: தேய்ந்த துளைக்குப் புஷ், பள்ளம் விழுந்த காடிக்குக் கடைசல்

12 அங்குலக் கல் பூட்டிய பழைய மாவு மில். 10 எச்.பி. மோட்டார், 1440 சுற்று. மோட்டாரில் 150 மி.மீ. புல்லி, கல்லைச் சுற்றும் தண்டான மில் ஷாப்ட்டில் 300 மி.மீ. வார்ப்பிரும்புப் புல்லி, இடையில் பி பிரிவு (பெல்ட்டின் பருமன் வகை) வி பெல்ட் மூன்று. கல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 720 சுற்று ஓடும். வந்த புகார் இது: சுவிட்ச் போட்டதும் ‘டங்’கென்று ஓர் அடி. வெறுமனே ஓடும்போது விடாமல் ஒரு தட்டல். தானியம் விழுந்ததும் தட்டல் அடங்கிவிடும், ஹாப்பர் காலியானால் மறுபடி தொடங்கும். இது போதாதென்று, மூன்று பெல்ட்டில் நடுப் பெல்ட் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒன்று அறுந்துகொண்டிருந்தது.

சுமை ஏறினால் சத்தம் நிற்கிறது என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். பேரிங் போயிருந்தால் சுமையில் சத்தம் கூடும். புல்லிக்கும் ஷாப்ட்டுக்கும் இடையில், இரண்டையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் துண்டான கீ தளர்ந்திருந்தால்தான் இப்படி நடக்கும். அரைக்கும்போது இழுவிசை கீயை ஒரே பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறது. சுமை போனதும் கீ இரு பக்கமும் ஆடி அடிக்கிறது. ஹப்பின் (புல்லியின் நடுக் குடத்தின்) வாயில் காவி நிறத்தில் நைஸான தூள் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அது மாவும் அல்ல, வெறும் துருவும் அல்ல. இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு இரும்புப் பரப்புகள் நுண்ணிய அளவில் உரசி உரசி உதிர்க்கும் தூள். இங்கே அது விரலில் ஒட்டும் அளவுக்கு இருந்தது. கீ 6 மி.மீ. வெளியே நகர்ந்தும் வந்திருந்தது.

கழற்றும் முன்

மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொண்டுதான் பெல்ட் கூண்டைத் திறக்க வேண்டும். மில்லில் ஆள் நடமாட்டம் அதிகம், யாராவது சுவிட்சைத் தட்டிவிடுவார்கள்.

பெல்ட் இருக்கும்போதே டயல் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) வைத்துப் பார்ப்பது பயனில்லை. மோட்டாரை அதன் அடியில் உள்ள நகர்த்தும் தண்டவாளத்தில் முன்னால் தள்ளி, பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றிய பிறகு, டயல் இன்டிகேட்டரைப் புல்லியின் விளிம்பில் வைத்துக் கையால் சுற்றினோம். வெளிவட்டத்தில் 0.9 மி.மீ. ஆட்டம், பக்கவாட்டில் 1.3 மி.மீ. அடுத்து டயலைப் புல்லிக்குப் பக்கத்தில் ஷாப்ட்டின் மேலேயே வைத்துச் சுற்றினால் 0.04 தான். அதாவது ஷாப்ட் வளையவில்லை, பேரிங்கும் நன்றாக இருக்கிறது, ஆட்டம் முழுவதும் புல்லியின் துளையில். இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் விட்டுவிட்டுப் புல்லியைக் கடைசலுக்கு அனுப்பினால், வளைந்த ஷாப்ட்டில் நல்ல புல்லியை ஏற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கழற்றும்போது மூன்று கால் புல்லரின் நகங்கள் ஹப்பைப் பிடிக்க வேண்டும், விளிம்பை அல்ல. விளிம்பைப் பிடித்து இழுத்தால் ஆரம் (ஹப்பையும் விளிம்பையும் இணைக்கும் கால்) முறியும். முந்தின இரவே ஹப்பின் வாயில் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊற விட்டிருந்தோம். ஹப்பை ஷாப்ட்டோடு இறுக்கும் தலையில்லாத திருகான கிரப் ஸ்குரூவைக் கழற்றிய பிறகு அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிரப் ஸ்குரூ போட்டிருப்பார்கள். மேலே உள்ளதை எடுத்துவிட்டுக் கீழே உள்ளதை மறந்து புல்லர் போட்டால் ஷாப்ட்டில் நீளக் கோடு விழும். இந்தப் புல்லியிலும் இரண்டு இருந்தன.

வெளியே வந்த புல்லியைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒவ்வோர் ஆரத்திலும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினோம். மணி போல் ஒலித்தால் நல்லது. ஓட்டைப் பானை போல் ஒலித்தால் எங்கோ வெடிப்பு. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினால் வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் ஈரக்கோடாகத் தெரியும். கீ உட்காரும் பள்ளமான கீவேயின் இரண்டு மூலைகளையும் கட்டாயம் இப்படிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். இதில் வெடிப்பு இல்லை. இருந்திருந்தால் வேலையை அதோடு நிறுத்தியிருப்போம். ஹப்பில் வெடித்த வார்ப்பிரும்புப் புல்லியை வெல்டு வைத்து ஓட்டுவது ஆளைக் கொல்லும் வேலை.

அளவுகள்

ஷாப்ட் பழைய அளவில் 45 மி.மீ. புல்லி உட்காராத இடத்தில் 44.98. ஹப்புக்கு அடியில் 44.80, அதிலும் 0.08 முட்டை வடிவம். ஹப்பின் துளை வெளிவாயில் 45.55, நடுவில் 45.25, உள்வாயில் 45.40. இரண்டு வாயும் விரிந்து நடு ஒடுங்கிய இந்த வடிவம், புல்லி தலையாட்டிக்கொண்டு ஓடியதற்கான அடையாளம். ஹப்பின் கீவே 14 மி.மீ. இருக்க வேண்டியது, வாயில் 16.2. ஷாப்ட்டின் கீவே 14.3 மட்டுமே. எஃகு ஷாப்ட் தாங்கிக்கொண்டது, வார்ப்பிரும்பு நொறுங்கிக் கொடுத்துவிட்டது.

இந்தக் கீ சுமக்கும் பாரத்தைக் கணக்குப் போட்டால் தேய்மானம் ஏன் இவ்வளவு வேகம் என்பது விளங்கும். 10 எச்.பி.யை 720 சுற்றில் கொடுத்தால் முறுக்கு விசை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். 22.5 மி.மீ. ஆரத்தில் அது கீயின் பக்கத்தில் சுமார் 450 கிலோ அழுத்தம். இறுக்கமான கீக்கு இது பெரிய சுமை அல்ல. அதே 450 கிலோ அரை மி.மீ. ஓடிவந்து சுத்தியல்போல் அடித்தால், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் வார்ப்பிரும்பு கொஞ்சம் உதிரும். உதிர உதிர ஓடிவரும் தூரம் கூடும். தேய்மானம் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும்.

அடுத்தது காடிகள், அதாவது விளிம்பில் பெல்ட் உட்காரும் பள்ளங்கள். 1.5 மி.மீ. தகட்டில் 38 டிகிரிக்கு ஒரு மட்டத் தகடு வெட்டிக் காடிக்குள் இறக்கி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓரக் காடி இரண்டிலும் சரிவில் 0.2 மி.மீ. பள்ளம். நடுக் காடியில் 0.6. அதன் அடித்தளம் பளபளவென்று இருந்தது. வி பெல்ட் காடியின் அடியைத் தொடவே கூடாது. இரண்டு சரிவிலும் ஆப்பு போல் இறுகுவதால்தான் அதற்குப் பிடிப்பு. அடி மின்னுகிறது என்றால் பெல்ட் இறங்கி அடியில் உட்கார்ந்து, வெறும் தட்டைப் பெல்ட்டாக வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நடுப் பெல்ட் ஏன் அறுந்தது என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. 0.4 மி.மீ. கூடுதல் தேய்மானம் என்பது கேட்கச் சின்னது. ஆனால் 38இல் பாதியான 19 டிகிரிச் சரிவில் பெல்ட் அதனால் 1.2 மி.மீ. கீழே இறங்குகிறது. அதாவது நடுக் காடியின் பயன் விட்டம் (பெல்ட் உண்மையில் ஓடும் வட்டத்தின் விட்டம்) பக்கத்துக் காடிகளைவிட 2.4 மி.மீ. குறைவு. ஒரே ஷாப்ட்டில் இரண்டு வேறு விட்டம். பெல்ட் வினாடிக்கு 11.3 மீட்டர் ஓடுகிறது. விட்ட வித்தியாசத்துக்காக நடுப் பெல்ட் ஒவ்வொரு வினாடியும் 9 செ.மீ. வழுக்கியே ஆக வேண்டும். அது சூடேறி, அறுந்து, அதன் இடத்தில் ஒரு புதுப் பெல்ட்டை மட்டும் போட, நீண்டுபோன இரண்டு பழைய பெல்ட்டுகள் சும்மா சுற்ற, புதியது ஒன்றே சுமை முழுவதையும் இழுத்தது. பெல்ட்டின் தரத்தைத் திட்டிப் பயனில்லை.

எதைச் செய்யவில்லை, ஏன்

பட்டறைகளில் உடனடி மருத்துவமாக மூன்று வேலைகள் நடக்கின்றன. ஷாப்ட்டின் மேல் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடு எழுப்பிப் புல்லியை அடித்து ஏற்றுவது ஒன்று. அந்த மேடுகளின் நுனி மட்டும்தான் துளையைத் தொடும், சில வாரங்களில் நசுங்கிவிடும். தகட்டைச் சுருட்டி உள்ளே செருகுவது இன்னொன்று. சுருளின் இரு முனை சேரும் இடத்தில் இடைவெளி, புல்லி மையம் விலகி உட்காரும், அதற்கு மேல் தகடு கிழிந்து வெளியே வரும். மூன்றாவது, கீவேக்குள் வெல்டிங் ராடை உருக்கி நிரப்புவது. சாதாரண ராடு பட்ட இடத்தில் வார்ப்பிரும்பு கண்ணாடிபோல் கெட்டிப்பட்டு, அரமும் ஏறாது, ஸ்லாட்டிங் டூலும் ஏறாது, ஆறும்போது ஓரத்தில் வெடிக்கும். மூன்றுமே அடுத்த பழுதுபார்ப்பைக் கடினமாக்குகின்றன. இந்த ஷாப்ட்டிலும் பழைய பஞ்ச் புள்ளிகள் இருந்தன. 44.80 என்ற அளவுக்கு அதுவும் ஒரு காரணம்.

புதுப் புல்லி வாங்கிவிடலாமே என்றால், வாங்கலாம். 300 மி.மீ., பி பிரிவு, மூன்று காடி என்பது கடையில் கிடைக்கும் அளவுதான். ஷாப்ட்டைக் கவ்விப் பிடிக்கும் சரிவான டேப்பர் லாக் புஷ் உள்ள புல்லி என்றால் ஏற்றுவதும் இறக்குவதும் எளிது. ஆனால் டேப்பர் லாக்கும் முழு அளவு ஷாப்ட்டைத்தான் எதிர்பார்க்கும். 44.80 ஷாப்ட்டில், அதுவும் முட்டை வடிவத்தில், 45 புஷ் சரியாகக் கடிக்காது. எப்படியும் ஷாப்ட்டைத் தொட வேண்டும். ஷாப்ட்டைத் தொட்டால் துளை அளவு மாறும். பழைய புல்லியின் ஹப் 95 மி.மீ. விட்டம், சதை தாராளம். ஆகவே துளைக்குள் இறுக்கும் உருளைக் கூடான புஷ் போட்டு, ஷாப்ட்டுக்கு ஏற்ற துளையை நாமே கடைவது என்று முடிவு.

ஷாப்ட்

ஷாப்ட்டை வெளியே எடுத்து லேத்தில் சென்டர்களுக்கு நடுவே ஏற்றி, ஹப் உட்காரும் 75 மி.மீ. நீளத்தை மட்டும் 44.70க்குச் சீராகக் கடைந்தோம். படி முடியும் இடத்தில் கூரிய மூலை விடக்கூடாது, 1 மி.மீ. ஆரம் வேண்டும். கூர்மூலையிலிருந்துதான் ஷாப்ட் ஒரு நாள் முறியும். வெல்டு வைத்து நிரப்பி மறுபடி 45க்குக் கடையலாம் என்று சொல்வார்கள். முன்சூடு இல்லாமல் வைத்த வெல்டின் ஓரத்தில் வெடிப்பு ஒளிந்திருக்கும், ஷாப்ட்டும் வளையும். 0.3 மி.மீ. குறைவதால் இந்த ஷாப்ட்டுக்குப் பலவீனம் எதுவும் இல்லை.

14.3 ஆன கீவேயை மில்லிங்கில் 14.4க்கு நேராக்கினோம். அதற்காகக் கீயைப் படி வைத்துச் செய்தோம். ஷாப்ட்டில் உட்காரும் கீழ்ப்பாதி 14.4, ஹப்புக்குள் போகும் மேல்பாதி 14. உயரம் 9. பொருள் இ.என். 8 எஃகு. கடையில் கிடைக்கும் 14க்கு 9 கீயை இதில் போட்டால் பழைய நோய் முதல் நாளே திரும்பும்.

ஹப்பும் புஷ்ஷும்

புல்லியை லேத்தின் நான்கு ஜா சக்கில் (நான்கு தாடைப் பிடியில்) கட்டும்போது எதை வைத்து மையம் பார்ப்பது என்பதில்தான் இந்த வேலையின் வெற்றி இருக்கிறது. பழைய துளை நம்பத்தக்கதல்ல, அது தேய்ந்து ஒதுங்கியிருக்கிறது. விளிம்பின் வெளிவட்டமும் பக்க முகமும் பெல்ட் தொடாத இடங்கள், முதன்முதலில் கடைந்தபடியே இருக்கும். அவற்றில் டயல் வைத்து இரண்டையும் 0.05க்குள் கொண்டுவந்தோம். ஜாவுக்கும் விளிம்புக்கும் இடையே மெல்லிய செப்புத் தகடு. இறுக்கும்போது கட்டாயம் ஆரங்களின் நேரில் இறுக்குங்கள். ஆரமில்லாத இடத்தில் அழுத்தினால் விளிம்பு அமுங்கி, சக்கிலிருந்து எடுத்ததும் துளை கோணலாகிவிடும்.

துளையை 65.00க்குப் பெருக்கினோம். பழைய கீவேயின் தேய்ந்த மூலை மையத்திலிருந்து 28 மி.மீ. தூரம் வரை போயிருந்தது. 32.5 ஆரத்துக்குப் போனதால் அது சுவடில்லாமல் மறைந்துவிட்டது. ஹப்பில் சுற்றிலும் 15 மி.மீ. சதை மிச்சம். வார்ப்பிரும்பைக் கே20 கார்பைடு டிப்பால், தண்ணீர் விடாமல் உலர்வாகவே கடைய வேண்டும். தண்ணீரும் இரும்புத் தூளும் சேர்ந்தால் சேறாகி லேத் படுகையை அரிக்கும். படுகையைத் துணியால் மூடிவிடுங்கள்.

புஷ்ஷுக்கு 75 மி.மீ. இ.என். 8 உருளைக் கம்பியில் 80 மி.மீ. துண்டு. வெளிவிட்டம் 65.04, உள்ளே இப்போதைக்கு 42 மட்டும், நுழையும் முனையில் 1 மி.மீ. சாய்வு. இந்த 0.04 இறுக்கத்தை வெர்னியரில் பார்க்க முடியாது. 0.02 தான் வெர்னியரின் நுட்பம், கைப்பிடி வித்தியாசமே அதைவிடக் கூடும். வெளியே மைக்ரோமீட்டர், உள்ளே போர் கேஜ், இரண்டையும் ஒரே மைக்ரோமீட்டரோடு ஒப்பிட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். இறுக்கம் 0.04க்குப் பதில் 0.12 ஆகிப்போனால் ஹப் பிளக்கும். 0.01 ஆனால் புஷ் சுற்றும்.

ஏற்றுவதற்குப் பிரஸ் தேவைப்படவில்லை. புஷ்ஷை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தோம். மைனஸ் 18 டிகிரியில் அது 0.035 சுருங்கும். புல்லியைக் கரியடுப்பின் மேல் வைத்து, மேலே தகடு மூடி, ஒரு மணி நேரம் மெல்ல 120 டிகிரிக்குச் சூடாக்கினோம். துளை 0.06 விரிகிறது. இரண்டும் சேர்ந்தால் 0.04 இறுக்கம் போக 0.05க்கு மேல் இடைவெளி. புஷ் தன் எடையிலேயே இறங்கும். ஹப்பின் மேல் சொட்டிய நீர் சீறி ஆவியானால் 100ஐத் தாண்டிவிட்டது. 60க்கு 40 சால்டர் கம்பியைத் தொட்டு அது இளகினால் 183ஐத் தாண்டி அளவுக்கு மீறிவிட்டது. கேஸ் டார்ச்சை ஹப்பில் மட்டும் காட்ட வேண்டாம். ஹப் விரிந்து விளிம்பு குளிர்ந்தே இருந்தால் ஆரத்தில் இழுவை ஏற்பட்டு வெடிக்கும். முழுப் புல்லியும் ஒன்றாகச் சூடேற வேண்டும்.

புஷ்ஷில் படியும் பனி ஈரத்தை ஒரே துடையில் துடைத்து, உடனே இறக்கி, ஹப்பின் முகத்துக்குச் சமமாக வந்ததும் அரை நிமிடம் கட்டையால் அழுத்திப் பிடியுங்கள். இறங்கும் வழியில் தயங்கினால் கதை முடிந்தது, நடுவில் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் சூடில்லாமல் ஒத்திகை பார்த்து, கை எங்கே, கட்டை எங்கே என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆறிய பிறகு புஷ் சுற்றாமல் இருக்க 8 மி.மீ. டவல் பின் (உருளை முளை) இரண்டு, 20 மி.மீ. ஆழத்துக்கு. துளை பாதி புஷ்ஷிலும் பாதி ஹப்பிலும் விழும்படி இணைப்புக் கோட்டின் மேலேயே போட வேண்டும். இதில் ஒரு தொல்லை உண்டு. டிரில் மென்மையான வார்ப்பிரும்புப் பக்கம் ஓடப் பார்க்கும். சென்டர் டிரில்லால் ஆழமாகத் தொடங்கி, குட்டையான 5 மி.மீ. டிரில்லை மெதுவாக இறக்கி, பிறகு 7.8 போட்டு, 8 ரீமர் விட்டால் கோட்டிலேயே நிற்கும்.

துளை, கீவே

புஷ் இறுகியதும் அதன் உள்விட்டம் சற்றுச் சுருங்கும். அதற்காகத்தான் 42 என்று விட்டுவைத்தோம். மறுபடி நான்கு ஜாவில், மறுபடி விளிம்பில் டயல் வைத்து, 44.71க்கு இறுதித் துளை. ஷாப்ட் 44.70. செப்புக் கட்டை வைத்து லேசாகத் தட்டினால் ஏறுகிற பொருத்தம். ஹப்பின் முகத்தையும் அதே கட்டிலேயே முகம் எடுத்துவிட்டோம். முகத்தில் எண் அச்சால் ‘44.7’ என்று பதித்தோம். பத்து வருஷம் கழித்து வேறொருவர் 45 புல்லியை வாங்கி வந்து ஏமாறக்கூடாது.

மேலும் கீழும் செதுக்கும் ஸ்லாட்டிங் இயந்திரத்தில் 14 அகலக் கீவே. எதிர்ச்சுவரிலிருந்து அளந்தால் 48.51, அதாவது துளைக்கு மேல் 3.8. கீவே ஓர் ஆரத்தின் நேராக வரும்படி அமைத்தோம். ஹப்பில் பலம் அதிகமுள்ள இடம் அது. ஷாப்ட்டில் மிச்ச ஆழம் 5.35, ஹப்பில் 3.8, மொத்தம் 9.15. கீ 9. ஆக மேலே 0.15 இடைவெளி. இதை வேண்டுமென்றேதான் விடுகிறோம். இணைக் கீ (சரிவில்லாத கீ) பக்கத்தில் இறுகி, தலையில் இடம் விட்டிருக்க வேண்டும். தலையில் முட்டினால் அது ஆப்பாகி, புல்லியை ஒரு பக்கம் தூக்கி, இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மையத்தைக் கெடுக்கும். சரிவு வைத்த தலைக் கீக்குத்தான் மேலும் கீழும் இறுகும் முறை. இரண்டையும் குழப்பிக்கொள்வது அதிகம் நடக்கிறது.

காடி கடைதல்

துளையும் காடியும் ஒரே மையத்தில் இருக்க ஒரு வழி: சக்கிலேயே 44.70க்கு ஒரு மேண்ட்ரல் (புல்லியைத் தாங்கும் தண்டு) கடைந்து, அதைக் கழற்றாமல், கீயோடு புல்லியை அதில் ஏற்றி நட்டால் இறுக்கி, டெயில் ஸ்டாக்கால் முட்டுக் கொடுப்பது. மேண்ட்ரலைக் கழற்றி மறுபடி மாட்டினால் அந்தத் துல்லியம் போய்விடும்.

பி பிரிவுக்குக் காடி அளவுகள் இவை. பயன் விட்டக் கோட்டில் அகலம் 14 மி.மீ., அதற்கு மேலே 4.2, கீழே 10.8, காடிக்குக் காடி 19, ஓரத்திலிருந்து முதல் காடியின் மையம் 12.5. மூன்று காடிக்கு முகம் 63 மி.மீ. பயன் விட்டம் 190 வரை கோணம் 34 டிகிரி, அதற்கு மேல் 38. எனவே இந்தப் புல்லிக்கு 38, மோட்டார் புல்லிக்கு 34. பெல்ட்டின் சொந்தக் கோணம் 40 என்பதால் இரண்டையும் 40க்குக் கடைந்துவிடும் கடைசல்காரர்கள் உண்டு. பெல்ட் வளையும்போது வெளிப்புறம் இழுபட்டு ஒடுங்கும், உட்புறம் அமுங்கி விரியும், கோணம் குறையும். சிறிய புல்லியில் வளைவு அதிகம், கோணமும் அதிகமாகக் குறையும். 40க்குக் கடைந்த காடியில் பெல்ட்டின் அடி மூலைகள் மட்டுமே பிடித்து அறுபடும்.

டூலைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்டு ஸ்லைடை ஒரு பக்கம் 19 டிகிரி திருப்பி மூன்று காடியின் ஒரு சரிவையும் முடித்து, பிறகு மறுபக்கம் திருப்பி மற்றச் சரிவுகள். நடுக் காடியின் 0.6 பள்ளம் போகும்வரை எல்லாச் சரிவிலும் 0.6 எடுத்தோம். நன்றாக இருக்கும் ஓரக் காடிகளையும் ஏன் கடைய வேண்டும் என்று கேட்பார்கள். மூன்றும் ஒரே பயன் விட்டத்துக்கு வராவிட்டால் மறுபடி ஒரு பெல்ட் வழுக்கும், அவ்வளவுதான். 0.6 எடுத்ததில் பயன் விட்டம் 3.7 மி.மீ. குறைந்து 296.3 ஆனது. கல்லின் வேகம் 720லிருந்து 729, பொருட்படுத்த வேண்டியதில்லை. காடியின் அடியையும் விளிம்பின் வெளிவட்டத்தையும் அதே 1.85 ஆரத்துக்கு இறக்கினோம். காடிக்குக் கீழே விளிம்பின் கனம் 11 மி.மீ. இருந்தது, 9க்குச் சற்று மேல் மிஞ்சியது. 8க்குக் கீழே போகும் நிலை இருந்தால் புல்லியை மாற்றியிருப்போம்.

சக் வேகம் 60 சுற்று. இந்த விட்டத்துக்கு அது நிமிடத்துக்கு 57 மீட்டர் வெட்டு வேகம். சரிவில் டூல் அதிர்ந்து அலை விழுந்தால் வேகத்தை 40க்குக் குறைத்து, டூலின் நீட்டத்தைக் குறையுங்கள். அலை விழுந்த சரிவு பெல்ட்டுக்கு அரம். கடைசி வெட்டு 0.1 ஆழம், மெதுவான ஊட்டம், விளிம்பு மூலைகளில் 0.5 மழுக்கல்.

மூன்றும் சமமா என்று பார்க்க 15 மி.மீ. உருண்டைக் கம்பித் துண்டு ஒன்று போதும். அதைக் காடியில் படுக்க வைத்து, மேலே டயலைத் தொட வைத்து, அதே கம்பியை அடுத்த காடிக்கு மாற்றிப் படியுங்கள். மூன்றிலும் 0.1க்குள் வந்தது.

சமநிலை பார்க்கப் புல்லியை மேண்ட்ரலோடு இரண்டு மட்டமான கத்தி விளிம்புகளின் மேல் உருள விட்டோம். கனமான பக்கம் கீழே வந்து நின்றது. எதிர்ப்பக்க விளிம்பில் களிமண் ஒட்டி, எங்கே விட்டாலும் நிற்கும்வரை கூட்டிக் குறைத்து, அந்தக் களிமண்ணை நிறுத்தால் 11 கிராம். கனமான பக்கத்தில் விளிம்பின் உள்முகத்தில், காடியின் நேரில் அல்லாமல் இரண்டு காடிக்கு இடைப்பட்ட மேட்டின் நேரில், 10 மி.மீ. டிரில்லால் 10 ஆழத்தில் இரண்டு துளை. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5.6 கிராம் போகும். 720 சுற்றுக்கு இது போதுமானது.

ஏற்றுதல்

மோட்டார் புல்லியைப் புதிதாகவே வாங்கினோம். சிறிய புல்லி இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் அதன் காடி எப்போதும் முதலில் தேய்கிறது. இதில் 1 மி.மீ. பள்ளம் இருந்தது. அதை எடுத்தால் 150 விட்டத்தில் 7 மி.மீ. போய்விடும். பெரிய புல்லியைச் சீராக்கிச் சிறியதை அப்படியே விட்டால் பெல்ட் பழையபடிதான் அறுபடும்.

ஷாப்ட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, கீயைப் பக்கங்களில் மார்க்கிங் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவிப் பார்த்து, சமமாகத் தொடும்வரை அரத்தால் தேய்த்து ஏற்றினோம். புல்லி பேரிங்கை எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. கிரப் ஸ்குரூ எம்10 இரண்டு. ஒன்று கீயின் மேல், இன்னொன்று 90 டிகிரி தள்ளி, ஷாப்ட்டில் டிரில் நுனியால் எடுத்த சிறு குழியில். பழைய துளை புஷ்ஷால் அடைபட்டுவிட்டதால் ஹப் வழியாகப் புஷ்ஷிலும் துளைத்து டேப் போட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

நைலான் நூலை இரண்டு புல்லியின் முகத்திலும் ஒட்டிப் பிடித்தால் நான்கு இடத்திலும் தொட வேண்டும். இரண்டின் விளிம்புக் கனமும் வேறாக இருந்தால் முகத்தை நம்பாமல் முதல் காடியின் மையத்தை நம்புங்கள். 705 மி.மீ. மைய தூரத்தில் விலகல் 2 மி.மீ.க்குள் வைத்தோம்.

பெல்ட் பி-82, மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பொருத்த எண். கடப்பாரையால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறும், வெளியே ஒன்றும் தெரியாது. மோட்டாரை முன்னால் தள்ளித்தான் போட வேண்டும். இழுவைக்கு அளவு, நடுவில் ஸ்பிரிங் தராசால் செங்குத்தாக இழுக்கும்போது ஒரு மீட்டர் நீளத்துக்கு 16 மி.மீ. தொய்வு. இங்கே 11 மி.மீ. அதற்குத் தராசு ஒவ்வொரு பெல்ட்டுக்கும் 2 முதல் 3 கிலோ காட்ட வேண்டும். புதுப் பெல்ட் என்பதால் 3க்குச் சற்று மேலேயே வைத்தோம். பெல்ட் மெழுகு, குங்கிலியப் பொடி எதுவும் வேண்டாம். வி பெல்ட்டில் அது மாவோடு சேர்ந்து பசையாகிக் காடியில் இறுகும்.

கல்லை அகற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் வெறுமனே ஓட்டம். தட்டல் இல்லை. டயலில் விளிம்பு 0.05, பக்கம் 0.08. நிறுத்தி இழுவையைப் பார்த்தால் 3 கிலோவுக்கு 14 மி.மீ. தொய்ந்திருந்தது. புதுப் பெல்ட் காடியில் உட்காரும்போது இது வழக்கம். மறுபடி 11க்குக் கொண்டுவந்தோம். ஒரு நாள் முழுக்க அரைத்த பிறகு இன்னொரு முறை பார்த்துச் சிறிது இழுக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் அரைத்து, மெயினை அணைத்துப் பியூஸ் எடுத்த பின் புல்லியைத் தொட்டால் கை பொறுக்கும் சூடுதான். கை வைக்க முடியாவிட்டால் பெல்ட் வழுக்குகிறது.

கூண்டை மூடும் முன் ஹப், கீ, ஷாப்ட் மூன்றின் முகத்திலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு நேர்கோடு இழுத்தோம். கூண்டின் வலை வழியாகவே தெரியும். கோடு உடைந்திருந்தாலோ, கோட்டின் ஓரத்தில் காவித் தூள் கசிந்திருந்தாலோ அன்றைக்கே மில்லை நிறுத்திக் கிரப் ஸ்குரூவைப் பார்க்க வேண்டும்.